முப்பத்தேழாம் காட்சி

ஜூலையில் கோத்தகிரிக்கு யாரும் வருவதில்லை.
அதனால்தான் தயாரிப்பாளர் எங்களை அனுப்பினார்,
பாதி வாடகை.
இரண்டு அறை, ஒரு ஹீட்டர்,
இருபத்தோரு நாள், நூற்றுப்பத்துப் பக்கம்.
எமல்டா தூத்துக்குடி. நான் தாராபுரம்.
குளிர் இருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.
முதல் வாரம் பேசிக்கொண்டதெல்லாம்
தைலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

காட்சிகளை அடுக்குவது அவள் வேலை,
ஆட்களைப் பேச வைப்பது என் வேலை.
ஒரு பக்கம் முழுக்க நான் பேசவைத்தவனை
பென்சிலால் ஒரே கோடாக அடித்து,
'இவன் இங்க தண்ணி குடிக்கட்டும், போதும்' என்பாள்.
கோபத்தில் ஜான்ஸ்டன் சதுக்கம் வரை நடந்துபோய்
வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புவேன்.
அவன் தண்ணீர் குடிப்பதுதான் சரி என்று
ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது தெரிந்துவிடும்.
வாயால் சொன்னதில்லை.
பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்திவைப்பேன்.

முப்பத்தேழில் வண்டி நின்றது.
லாரிக்காரன் மனைவி விடிகாலை வீட்டைவிட்டுப் போகிறாள்.
எதை எடுத்துக்கொண்டு போவாள்?
பெட்டி என்றேன். கல்யாணப் புடவை என்றேன்.
பிள்ளையின் போட்டோ என்று ஆரம்பித்து
எனக்கே கூசிப்போய் விட்டுவிட்டேன்.
அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல்
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.
நான்கு நாள்.
சுவரில் அந்த எண் மட்டும் ஒட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் இரவு மெஸ்ஸிலிருந்து ஏறி வருகிறோம்,
கேட்டுக்கு முன்னால் காட்டெருமை.
கன்றோடு சேர்த்து மூன்று.
மூட்டத்தில் உடம்பு தெரியவில்லை,
வெள்ளைக் காலுறை போட்டதுபோல்
பன்னிரண்டு கால்கள் மட்டும்.
தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேன் போஜன்
டார்ச்சை அணைக்கச் சொன்னார்.
'அதுங்க போற நேரத்துக்குத்தான் போகும். உட்காருங்க.'
பஸ் நிழற்குடையில் இரண்டு மணி நேரம்.
இலை வறுபடும் வாசம், தகரத்தில் சொட்டுச் சத்தம்.

'நான் வந்தப்ப' என்றாள் எமல்டா,
கால்களைப் பார்த்தபடியே,
'குக்கர் வெயிட்ட மட்டும் எடுத்துட்டு வந்தேன்.
அந்த ஆளு சோறு பொங்கித் திங்கக் கூடாதுன்னு.
பஸ்ஸு எட்டயபுரம் தாண்டின பொறவுதான் ஞாபகம் வந்துது,
அவருக்குக் குக்கர் வைக்கவே தெரியாதே.'

போஜன்தான் முதலில் சிரித்தார்.
பிறகு அவள். கடைசியில் நான்.
பெரிய எருமை தலையைத் தூக்க,
மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.
சிரிப்பு எந்த இடத்தில் நின்று
வேறொன்றாக ஆனது என்று
இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

அறைக்கு வந்ததும் பேனாவை எடுத்தேன்.
பொய் சொல்லப் போவதில்லை, எடுத்தேன்.
இருபது வருடத்தில் அப்படி ஒன்று எனக்கு வாய்த்ததில்லை.
மூன்று மணி வரை தாளோடு உட்கார்ந்திருந்து
மூடியை மாட்டிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அவள் என் தாள்களைப் பார்த்தாள்.
எண். அதன் கீழே வெள்ளை.
பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள்.
ஹீட்டரைக் காலால் என் அறைப்பக்கம் தள்ளிவிட்டு
காபி போடப் போனாள்.

படம் நடக்கவில்லை.
ஹீரோ மாறி, கதை பாங்காக்குக்குப் போய்,
லாரி படகாகி,
அந்த மனைவி எந்த வரைவில் செத்தாள் என்றே தெரியாது.
என்னிடம் இருக்கும் பிரதியில்
முப்பத்தாறுக்குப் பிறகு முப்பத்தெட்டு.
பக்கம் தொலைந்துவிட்டதா சார் என்று
ஒரு உதவி இயக்குநர் பையன் கேட்டான்.
இல்லை என்றேன்.

மாதம் ஒரு தடவையாவது கூப்பிடுவாள்.
எப்படி இருக்கிறீர் எல்லாம் கிடையாது.
'உள். இரவு. அடுப்படி' என்பாள்.
'வெளி. மழை. ஆட்டோ வரல' என்பேன்.
நேற்று அவளுக்குப் பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம்.
எத்தனையாவது என்று கேட்டேன்.

'எண்ணிக்கிட்டு இருக்கேன் வே, பேசாதேயும்.'