பொருந்தாமை

புன்டா அரேனாஸின் காற்று
கட்டிடத்தையே பிடித்து உலுக்கும்.
மூன்றாம் மாடி, ஏழாம் படுக்கை.
எலியெசர் பாரியா, அறுபத்தொன்று,
நண்டுப் படகின் வின்ச் வயிற்றில் மோதிக்
குடல் கிழிந்து வந்தவர்.
இன்றைக்கு அவர் உடம்பில் ஆறு குழாய்கள்:
கழுத்து ரத்தக்குழாயில் மூன்று,
மூக்கு வழியே வயிற்றுக்கு ஒன்று,
முதுகுத்தண்டில் வலிமருந்து,
கீழே சிறுநீர்.
ஆறுக்கும் ஒரே நிறம், தண்ணீரின் நிறம்.

இரவுப் பணிக்கு வந்த யாஸ்னா
முதலில் விளக்கைப் போடுகிறாள்.
பையில் தொடங்கி
இரு விரல்களுக்கிடையே குழாயை ஓடவிட்டு,
கட்டில் கம்பியைச் சுற்றி
தலையணைக்கு அடியில் நுழைந்து
தோலைத் தொடும் இடம்வரை
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறாள்.
"இது உப்புநீர். கழுத்துக்கு.
இது வலிமருந்து. முதுகுக்கு."
பாதியில் யாராவது கூப்பிட்டால்
மறுபடியும் பையிலிருந்து.
புதிதாய் வந்த டாக்டர் சிரித்தார்:
ஜெபமாலை உருட்டுகிறீர்களா?
அவள் பதில் சொல்லவில்லை,
எண்ணிக்கை கெட்டுவிடும்.

பழைய இணைப்பிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.
எதுவும் எதிலும் மாட்டும்.
பத்துக்குப் பத்துப் பொருத்தம்,
ஜோசியரே திகைக்கும் ஜாதகம்.
பால் போகும் வாயும் ரத்தத்துக்குப் போகும் வாயும்
ஒரே அளவு, ஒரே மரை, ஒரே அரைச்சுற்று.
வயிற்றுக்குச் சோறு.
அதே சோறு ரத்தத்துக்கு எமன்.
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று
அலுத்துக்கொள்கிறோம்.
இந்த வார்டில்
வாய்க்கு எட்ட வேண்டியது
இதயத்துக்கு எட்டிவிடக் கூடாதே என்றுதான்
ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்கள்.

மூன்று நாற்பது.
நாற்காலியில் தூங்கிய நெல்டா
செருப்பு ஈரமானதில் விழித்தாள்.
கணவர் புரண்டதில் உணவுக்குழாய் கழன்று
பழுப்புக் கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது.
யாஸ்னா நாலாம் படுக்கையில்.
பாவம், அவளை எதற்கு எழுப்புவது போலக் கூப்பிட வேண்டும்?
முப்பது வருடம் கூண்டு வலை பின்னிய கை,
அவிழ்ந்த முனையைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருக்காது.
அரையிருட்டில் கணவரின் கழுத்தருகே
ஒரு வாய் தட்டுப்பட்டது.
கவ்வி பூட்டியிருந்தது. மூடியை மட்டும் கழற்றினாள்.

ஊதா முனையை வைத்து அழுத்தினாள்.
இடது பக்கம் திருகினாள்.
வலது பக்கம்.
ஸ்வெட்டர் நுனியால் துடைத்து மறுபடி.
குடித்துவிட்டு வந்தவனைத் திட்டுவதுபோல்
மெல்லிய குரலில் திட்டினாள்.
மாட்டவில்லை.
பெரிய வாய், சின்ன வாயை ஏற்க மறுத்தது.

கடைசியில் மணியை அழுத்தினாள்.
"உங்க சாமான் சரியில்லைம்மா,
மாட்டவே மாட்டேங்குது."

யாஸ்னா வாசலில் ஒரு கணம் நின்றாள்.
"ஆமாம்," என்றாள், "மாட்டாது."
விளக்கைப் போட்டாள். கழுத்து முனையைத் துடைத்து
புது மூடி போட்டாள்.
பையிலிருந்து தொடங்கினாள்,
ஆறு குழாய்களையும்.
முடிந்த பிறகுதான் நெல்டாவின் கையைப் பிடித்து
"எது கழன்றாலும் கூப்பிடுங்கள்,
பத்தாவது தடவையானாலும்" என்றாள்.
அப்போதுதான் அவள் கை நடுங்குவது
நெல்டாவுக்குத் தெரிந்தது.

படிவத்தில் 'என்ன நடந்தது' என்று ஒரு கட்டம்.
நடக்காததற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் நெருக்கி எழுதினாள்,
நெல்டாவின் பெயர் இல்லாமல்.

பிறகு மூன்றாவது இழுப்பறையைத் திறந்தாள்.
பஞ்சுக்கு அடியில் விரல்நகம் அளவு ஒரு துண்டு:
ஊதாவைப் பழைய வாய்க்குப் பொருத்தும் இடைத்துண்டு.
ஒட்டியிருந்த தாளில் ஒஸ்வால்தோவின் கையெழுத்து,
'அவசரத்துக்கு.'
எந்தப் பெண்ணையும் எந்தப் பையனுக்கும்
முடித்துவைக்கும் தரகன்.
உறையில் போட்டு ஒட்டி
தலைமை நர்ஸின் மேஜையில் வைத்தாள்.

விடியும்போது காற்று அடங்கியிருந்தது.
நெல்டா இரண்டு கோப்பை மாத்தே ஊற்றிவிட்டு
தெர்மாஸின் மூடி எங்கோ உருண்டுபோக
வேறு யாருடையதோ ஒன்றை எடுத்துத் திருகினாள்.
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
இருவரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.