பூஜ்ஜிய ரூபாய்

எதிர் அடுக்ககத்தில் கோடை முகாமாம்,
பத்து நாளுக்கு எட்டாயிரம்.
நீச்சல், ரோபோ, களிமண் என்று போட்டிருந்தது.
களிமண் நம்ம குழாயடியிலேயே இருக்கே என்றேன்.
நறுமுகை சிரிக்கவில்லை.

ஞாயிறு. கார்மெண்ட்ஸ் லீவு.
அல்சூரில் ஏறினோம்,
பஸ் எங்கே போகிறதோ அங்கே.
எனக்கும் அவளுக்கும் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட்.
இன்பாவுக்கு மட்டும் அரை டிக்கெட்,
ஆம்பளையாய்ப் பிறந்த பாவம்.
"நான்தானே காசு குடுத்து வர்றேன்" என்று
ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டான்.

சிவப்பு விழுந்தால்
பச்சை வரும்வரை மூச்சைப் பிடிக்க வேண்டும்.
இது அவர்கள் கண்டுபிடித்த ஆட்டம்.
சில்க் போர்டில் மூவரும் தோற்றோம்.
பின்சீட்டுக் கிழவர் ஒருவரும்,
யாரும் சேர்க்காமலே.

கடைசி நிறுத்தம்.
பாதியில் நின்றுபோன கட்டடம், அதன் நிழலில் ஒரு டீக்கடை.
ஒரு பன்னை மூன்றாய்ப் பிய்த்தேன்.
பெரிய துண்டுக்குச் சண்டை.
"இங்க என்னம்மா பாக்கணும்?"
எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் பஸ் பின்னால் வரத் தொடங்கியது.
கண்டக்டர் நறுமுகையைக் கூப்பிட்டு
கன்னடத்தில் சொன்னது இவ்வளவுதான்:
தட்டிக்கொண்டே இரு. போதும் என்றால் ஓங்கி ஒரு அடி.

தட்டினாள். வந்தது.
தட்டினாள். இன்னும் வந்தது.
கல்லுக்கு ஒரு சாண் இருக்கையில் ஓங்கி அடித்தாள்.
அவ்வளவு பெரிய வண்டி
அவள் உள்ளங்கைக்கு நின்றது.

திரும்பும்போது இன்பா கேட்காமலே
ஜன்னலை அவளுக்கு விட்டான்.
உட்காரவில்லை அவள்.
சிவந்த கையைப் பார்த்தபடி நின்றே வந்தாள்.

அடுத்த வாரம் எந்த பஸ் என்றேன்.
"ரிவர்ஸ் எடுக்கிற பஸ்."