மணமில்லாதது

மல்லாவிக் கடையில் இரண்டு போத்தல்.
ஒன்று வெறுந்தேத்தண்ணிபோல் தெளிவு;
இலைப் படம், தங்க எழுத்து.
"மணமே இல்லை அக்கா" என்றார் பரராசா,
அதுதான் பெருமைபோல.

மணமில்லாட்டி வெள்ளை ஈ எதுக்குப் பயப்படும்?

மற்றது பழைய சாராயப் போத்தல்.
ஒட்டுத்தாளில் பேனையால்: ஆவணி, கல்விளான் செக்கு.
தைப் பனியில் அடிப்பாதி உறைந்து
சேற்றுப் பச்சையாய்க் கிடந்தது.
மூடியைத் திருகினேன்.
உள்ளியும் புண்ணாக்கும் மூக்கில் ஏறின.
நாக்கில் ஒரு சொட்டு:
கசப்பு, போகிற எண்ணமில்லாமல் குந்திக்கொண்டது.

விலை கூடத்தான். மிச்சக் காசுக்கு
சவர்க்காரக் கட்டி ஒன்று; தண்ணியில் கரைய வேணுமே.

மாங்குளம் பஸ்ஸில் மூடி கொஞ்சம் கசிந்தது.
பக்கத்திலிருந்தவர் எழும்பிப் போனார்.
இரண்டு பேர் இருக்கை, எனக்கும்
என் மிளகாய்க் கன்றுகளின் மருந்துக்கும்.