அரைப் பேர்

தோட்டத்தில் பேர் என்றால் கூலி.
பதினெட்டுக் கிலோ நிறுத்தால் ஒரு பேர்.
முள் பதினேழில் நின்றுவிட்டால்
கணக்கப்பிள்ளையின் பென்சில் அரைப் பேர் போடும்.
ஈரத்துக்கென்று கழித்த இரண்டு கிலோவை
யாரும் கேட்பதில்லை.

கிளவுட் தேர்வுக்கு இருபத்திரண்டு பேர்.
டொலரிலிருந்து ரூபாய்க்கும்
ரூபாயிலிருந்து அம்மாவுக்கும்
நான்தான் மாற்றிச் சொன்னேன்.
"மழையில்லாத மாசமாப் பாத்து எழுது" என்றாள்.

புத்தகம் அதை மேகக் கணிமை என்கிறது.
எங்கள் லயத்தில் மேகம் ஜன்னலால் வந்து
கொடியில் கிடக்கும் தம்பியின் வெள்ளைச் சட்டையை
நனைத்துவிட்டுப் போகும்.
ஒரே சொல்லை இரண்டுக்கும் வைக்க மனம் வரவில்லை.
கிளவுட் என்றே படித்தேன்,
கொழுந்து மடுவத்துக்குப் பின்னால்
சிக்னல் இரண்டு கோடு நிற்கும் அந்த ஒற்றைக் கல்லில்.
பக்கெட் என்றால் வாளி இல்லை,
ரீஜன் என்றால் டிவிஷன் இல்லை,
காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

தேர்வு அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாதாம்.
ஆறு பேர் படுக்கும் காம்பராவில்
அந்த அறையை எங்கே தேடுவது?
நோர்வூட்டில் சலூன் வைத்திருக்கும் ரொசாரியோ
ஞாயிறு காலை மூன்று மணி நேரம்
கதவை இழுத்துவிட்டுச் சாவியைத் தந்தான்.

கெமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்
எந்த நாட்டிலிருந்தோ என்னைக் காவல் காப்பவர்.
காட்டினேன்.
நான்கு கண்ணாடிகளில் நான்கு நான்,
அதற்குள் இன்னும் நான்கு.
"அவர்களை வெளியே அனுப்பவும்" என்று வந்தது.
முடிவெட்டும் துணிகளை எடுத்து
ஒவ்வொருத்தியாக மூடினேன்.

முப்பதாவது கேள்வியில் தகரம் இரைந்தது.
"அந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா?"
முடியாது என்று தட்டினேன். மழை.
நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு, "சரி. தொடருங்கள்."

எழுநூற்று முப்பத்தொன்று.
எழுநூறு போதும்.
முப்பத்தொன்றை யாரும் ஈரத்துக்குக் கழிக்கவில்லை.

சான்றிதழில் வெல்விலி என்று இருந்தது.
அடையாள அட்டையில் உள்ளபடிதான் இருக்க வேண்டுமாம்.
நான் பிறந்த வாரம் அப்பா சொன்னது வேல்விழி.
எழுதியவருக்கு ழ தெரியாது,
வேலை நிமிர்த்தவும் நேரமில்லை.
இருபத்திரண்டு முழுப் பேர் கொடுத்து
நான் வாங்கியது ஓர் அரைப் பேர்.

கண்டியில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை
கிளவுட்காரர்கள் கூடுகிறார்கள் என்றான் ரிஸ்வி,
சந்தேகம் கேட்டு போனில் மட்டும் பழகியவன்.
ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறினேன்.
வாசலில் ஒரு ஸ்டிக்கரும் மார்க்கர் பேனாவும்.
வேல்விழி என்று எழுதினேன்,
ழவின் வாலை ஸ்டிக்கரின் ஓரம் வரை இழுத்து.

பக்கத்தில் இருந்த நெத்மி மூன்று தடவை முயன்றாள்.
வெல்விலி. வேல்விலி. வேல்விளி.
"கிட்ட வந்துட்டீங்க" என்றேன், சிரித்தாள்.
எந்தக் கம்பனி என்றார் ஒருவர்.
கம்பனித் தோட்டம் என்றேன்.
புரியாமல் தலையாட்டினார்.
ஒரு சேர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்று
மேடையில் படம் போட்டுக் காட்டியபோது
கை தூக்கினேன்:
"ரெண்டும் ஒரே லைனில் கரன்ட் எடுத்தால்?"
பேசியவர் நின்றார்.
"நல்ல கேள்வி" என்றார்,
பதில் அடுத்த மாதத்துக்குப் போனது.

இரவு, ஸ்வெட்டரில் ஒட்டிய பெயரோடு
வீட்டுக்குள் நுழைந்தேன்.
அம்மா கை ரேகைகளில் கறுத்த கொழுந்துக் கறையை
எலுமிச்சைத் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"எத்தன பேரு?"
"நாப்பத்தொண்ணு. என்னையும் சேத்து."
கொஞ்சம் யோசித்தாள்.
"இருபத்திரெண்டு போயி நாப்பத்தொண்ணு வந்திருக்கு.
நட்டமில்ல."

அடுத்த தேர்வுக்கு முப்பத்துமூன்று ஆகும்.
அதை இன்னும் சொல்லவில்லை.