இயல் நான்கு

சுற்றுச்சூழல், பண்பாடு, சமூகம் என்று
அட்டையில் மூன்று சொற்கள்,
இடையே இரண்டு காற்புள்ளிகள்.
சின்னப்பாலத்தில் இறங்கிய அன்றே
காற்புள்ளிகளைக் கச்சான் அடித்துக்கொண்டு போயிற்று.

கேள்வி ஏழு:
கடல் உங்களுக்கு என்ன?
அ. வாழ்வாதாரம் ஆ. தெய்வம் இ. வழித்தடம் ஈ. பிற.
நம்புவள்ளி இரண்டு முறை படித்துவிட்டு
சகாயராணியிடம் தாளை நீட்டினாள்.
"இதுல கடன்னு ஒண்ணு போடலையே."
இருவரும் சிரித்தார்கள்.
'ஈ'யை வட்டமிட்டேன்.
அன்று நான் செய்த ஒரே ஆய்வு அதுதான்.

ஒப்புதல் படிவத்தில்
எழுதத் தெரிந்தவர்கள் பெயர் எழுதினார்கள்.
சேதுபாக்கியம் பெருவிரலை வைத்தாள்.
ரேகை விழவில்லை.
பார் அறுத்து உப்பு ஊறிய விரல்
நீலமாய் ஒரு வட்டக் காசை மட்டும் பதித்தது.
"ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் முழிக்கும்,
நீ பேரை எழுதிக்கோ."

விடியுமுன் வத்தையில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.
விரல்களில் கிழிசல் துணி,
காலில் ரப்பர் செருப்பு, கயிற்றால் இறுக்கி.
மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை,
பக்கோடா என்றும் ஒரு பாசி
(அதை மட்டும் நான் உடனே மறக்காமல் கற்றேன்).
மூச்சை அடக்கி அவர்கள் கீழே போக,
மேலே, கழுத்தில் பாலித்தீன் பையில் கட்டிய போனில்
நான் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன்.
நாலு நாளில் நூற்றுப்பன்னிரண்டு புள்ளி.

இதையும் எழுத வேண்டும்:
பார் பல இடங்களில் வெளுத்துக் கிடந்தது.
என் செருப்படியில் ஒரு கிளை முறிந்த சத்தம்
தண்ணீருக்குள்ளும் கேட்டது.
அவர்கள் கால் அங்கே படுவதும் உண்மை,
போன கோடையில் கடல் காய்ச்சல்காரன் உடம்பாய்ச்
சுட்டதும் உண்மை.
சுட்டதற்கு யாரும் அபராதச் சீட்டு எழுதவில்லை.

பாம்பனில் வாடகை அறை. மின்விசிறி ஒருபக்கமாய் ஆடும்.
புள்ளிகளை வரைபடத்தில் போட்டபோது
ஒரு மீன்முள்ளைப் போல அழகாய் வந்தது.
நெறியாளர் போனில் சொன்னார்:
"இதுதாம்மா உன் பங்களிப்பு.
நான்காம் இயலே இதுதான்."

மறுநாள் பாசி காயப்போட்ட மணலில்
வரைபடத்தை விரித்துக் காட்டினேன், பெருமையாகத்தான்.
யாரும் பேசவில்லை.
நம்புவள்ளி குந்தி உட்கார்ந்து
ஒரு புள்ளியின்மேல் விரல் வைத்தாள்.
சரியான இடம்.
"இதை யாரு யாரு பாப்பாக?"
"மூணு பேர். அப்புறம் நூலகத்துல இருக்கும்."
"அங்க யாரு வருவா?"
"யாருமே வர மாட்டாங்க."
"பாரஸ்ட் ஆபீசரும் படிச்சவருதானே."

அதன்பின் பாசியைப் புரட்டிப்போடப் போய்விட்டாள்.
கோபமாய் ஒரு சொல் சொல்லியிருந்தால்
எதிர்த்து வாதாடியிருப்பேன்.
என் பையில் அதற்கான கோட்பாடுகள் இருந்தன.

அன்றிரவு கரண்ட் போய் வந்தது.
ஒவ்வொரு புள்ளியாய் அழித்தேன்.
மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் உண்டு,
ஆனாலும் ஒவ்வொன்றாக.
எண்பதுக்குமேல் அழுகை வந்தது;
சேதுபாக்கியத்துக்காக இல்லை,
மதிப்பெண்ணுக்காக.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர்
கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"நான்காம் இயல் ஏன் இரண்டே பக்கம்?"
"வத்தம் சார்" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.
நெறியாளர் ஜன்னலைப் பார்த்தார்.

தேறினேன். இரண்டாம் வகுப்பு.
இப்போதும் கண்ணை மூடினால்
பதினேழாவது புள்ளியில் தண்ணீர் எங்கே திடீரென்று குளிரும் என்று
கணுக்காலுக்குத் தெரிகிறது.
தீவின் பெயரை இங்கும் எழுதப்போவதில்லை.
நூலகப் பிரதியில், அடிக்குறிப்பு முப்பத்தெட்டு:
இடங்கள் ஆய்வாளருக்குத் தெரியும்.
தரப்படவில்லை.