பதினொன்றாவது கொட்டை

புதன்கிழமை யாரும் பன்றிக்கறி வாங்குவதில்லை.
ஞாயிறு வரிசை நிற்கும் ராயப்பன் கடையில்
இன்று நானும் ஒரு நாயும்.
"பூம்பாறைக் கல்யாணத்துக்கு அறுத்தது,
மிச்சம் கெடக்கு, எடுத்துக்கங்க போஸ்டாபீஸ் அக்கா."
முக்கால் கிலோ, தோலோடு.
மூன்று விரல் கனத்துக்கு வெள்ளைக் கொழுப்பு.

மூஞ்சிக்கல் இறக்கத்தில் குடை இரண்டு முறை மடங்கியது.
ஆனி மாதக் காற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

வீட்டில் புளி டப்பாவுக்குள் விரல் விட்டேன்.
நாரும் ஒரு விதையும்.
வாங்கி வரச் சொல்லலாம்.
சொல்வதற்கு அவரோடு பேச வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேச்சில்லை.

வத்தலக்குண்டுக்கு மாற்றல், பதவி உயர்வோடு.
"அந்த வெயில்ல வெந்து சாகவா?" என்றார்.
"பஞ்சர் ஒட்ட அங்கே டயரே ஓடலையா?" என்றேன்.
அவ்வளவுதான்.
ஒன்றரை அறை வீட்டில்
அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் ரோஷன் வழியாக.
அம்மாகிட்ட சொல்லு. அப்பாகிட்ட சொல்லு.
எட்டு வயதில் அவனும் ஒரு தபால்காரன்.

ஹெலன் டீச்சர் வீட்டு பிளம்ஸ் மரம்
பாதி நம் தகரக் கூரைமேல்தான் காய்க்கும்.
இரவெல்லாம் தட், தட்.
டார்ச் அடித்துப் பொறுக்கினேன்: பதினொன்று.
ஒன்று குருவி கொத்தியது,
மூன்று இன்னும் பச்சை விட்டுப் போகாதவை.
கடித்துப் பார்த்தேன்.
காது வரை ஏறியது புளிப்பு.
போதும்.

எண்ணெய் ஊற்றவில்லை.
கொழுப்பைத் தனியே போட்டால் அதுவே உருகி வழிவிடும்.
சின்ன வெங்காயம், தோல் உரிக்கப் பொறுமையில்லாத மலைப்பூண்டு,
இஞ்சி, கொரகொரவென்று இடித்த மிளகு.
கீழே நாலு விசில் என்றால் இங்கே ஆறு.
ஆறாவதுக்கு முன்னால் கரண்ட் போனது.

மூடி திறந்து பிளம்ஸை முழுசாகப் போட்டேன்.
தோல் சுருண்டு கழன்றது.
சாறு முதலில் ரோஜா நிறம், பிறகு காயம்பட்ட நிறம்,
பிறகு கொழுப்போடு கூடிப் பளபளத்தது.
"கறியில பழமா?" என்றான் ரோஷன்.
"மாங்கா போட்டா மட்டும் கேக்கிறியா?"

கரண்டியால் கொட்டைகளை எடுத்து மூடியில் வைத்தேன்.
பத்து.
கலக்கினேன், துழாவினேன், எமர்ஜென்சி விளக்கைச் சாய்த்தேன்.
பத்துதான்.
ரோஷனுக்கு மட்டும் பிசைந்து பார்த்துப் போட்டேன்.
அவரிடம், கொட்டை ஒன்று உள்ளே இருக்கு,
பார்த்துச் சாப்பிடுங்க என்று
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

"அப்பாவ சாப்பிட வரச் சொல்லு."
கைகழுவி உட்கார்ந்தார் இன்னாசி.
நகக்கண்ணில் ரப்பர் பசை போகவே போகாது.
முதல் வாய். இரண்டாம் வாய்.
அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலாவது வாயில் புருவம் தூக்கினார். ருசி போல.
நான் இங்கே
அவசரமாக ஒரு கவளத்தை உள்ளே தள்ளினேன்.

கடக்.

மண்டைக்குள் மின்னல்.
கண்ணில் தண்ணீர்.

"பல்லா?"

மூன்று நாளில் முதல் சொல்.
வாய் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும்,
தலையை ஆட்டினேன்.
அவர் தன் இடது உள்ளங்கையை
என் தாடைக்குக் கீழே நீட்டினார்.
ரோஷனுக்குப் பால்பல் ஆடியபோது நீட்டியதுபோல.
துப்பினேன்.

விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பிளம்ஸா? புளி இல்லியா?
சொல்லியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்ல."
"யார்கிட்ட சொல்ல?"
ரோஷன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்,
வேலை போன ஆள் மாதிரி.

"வத்தலக்குண்டுல இந்தக் கறி
ராத்திரி வச்சா காலையில நாறிரும்."
"ஃப்ரிட்ஜ் வாங்கிக்கலாம்."
"கரண்ட்டு?"
"இங்க மட்டும் இருக்கா?"

பதில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.
ஆனால் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.
பஸ் ஸ்டாண்டுக்கும் போஸ்டாபீஸுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.
ஏப்ரலில் ஃபேன் காற்றே சுடுமாமே என்று கேட்டார்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்,
தெரியாததையும் கொஞ்சம் சொன்னேன்.

அதற்குள் மூன்று தட்டிலும்
கொழுப்பு மெழுகாய் உறைந்துவிட்டது.
எல்லாவற்றையும் மறுபடி சட்டியில் கொட்டி
அடுப்பைப் பற்றவைத்தேன்.