கணக்கில் வராத நீர்

கொள்ளிடத்து மணலுக்கடியில்
எட்டு ஆள் ஆழத்தில் எங்கள் கிணறு.
மேலே ஆறு வெந்து கிடக்கும் சித்திரையிலும்
உள்ளே ஈரம் குறையாது.
அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடம்
இடது ஓரம் திருச்சியோடு முடிந்துவிடும்.
மழை அதற்கும் மேற்கே,
எங்கள் கோப்பு ஏறாத மலையில் பெய்கிறது.

கிணற்றிலிருந்து குழாய்
தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர்
உப்பளத்து ஊர்களுக்கு.
நடுவில் உள்ள ஊர்களைத் தொடாமல் போவதுதான்
அதன் வடிவமைப்பு.

திட்ட அறிக்கை நான் எழுதியது.
முப்பது ஆண்டு கழித்து இருக்கப்போகும் மக்கள்தொகை
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
இன்னும் கருவாகவும் இல்லாத பிள்ளைக்கு
நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து லிட்டர்
ஒதுக்கிவிட்டுத்தான்
அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அறுபத்தோராம் கிலோமீட்டர், ஏர் வால்வில் கசிவு.
பிட்டர் அகோரத்தின் பைக்கில்
மடியில் ரென்ச்சோடு போய் இறங்கினேன்.
வால்வுக்குக் கீழே ஒரு நீலக் குடம்.
பின்னால் பெயிண்ட் வாளி, மூடி இல்லாத குக்கர்,
இன்னும் நாலைந்து குடம்.
சண்டை போட்டு ஓய்ந்த வரிசை அது,
பார்த்தாலே தெரிந்தது.

தையல்நாயகி என்று பேர் சொன்னாள்.
கெஞ்சவில்லை.
"எங்க போர் தண்ணியில பருப்பு வேகாது மேடம்.
நிறுத்துறதுன்னா மொத நாளே சொல்லிடுங்க,
ரெண்டு குடம் கூடப் புடிச்சி வச்சிக்கிறோம்."

கடிகாரம் பார்த்தேன்.
பதினைந்து லிட்டர் குடம் நிறைய ஒன்பது நிமிடம்.
ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு.
ஐம்பத்தைந்தால் வகுத்தால்
நாற்பத்து மூன்று பேர், கொஞ்சம் மிச்சம்.

தெருவில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
விரல் மடக்கி எண்ணினாள்.
நாற்பத்திரண்டில் நிறுத்தி,
"கடைசி வீட்டுக்குப் பொண்ணு பேறுகாலத்துக்கு வந்திருக்கு.
வயித்துல இருக்கறதையும் சேக்கணுமா?"

அகோரம் ரென்ச்சை மாட்டிவிட்டு
என் முகத்தைப் பார்த்தார்.

ரப்பர் வாஷர் கையிருப்பில் இல்லை,
அடுத்த ஆய்வில் சரிசெய்யப்படும்
என்று பதிவேட்டில் எழுதினேன்.
வாஷர் அவர் சட்டைப்பையில் இருந்தது.

திரும்பும்போது எதிர்வெயில்.
அந்த இரண்டாயிரத்து நானூறும்
கடைசித் தொட்டியில் யாருக்கோ குறைகிறது.
அங்கேயும் ஒரு குடம்
யார் பின்னாலோ நின்றுகொண்டிருக்கும்.
அவர்கள் பேர் எனக்குத் தெரியாது.
தொகை மட்டும் தெரியும்.